பேய்கள் பாடும் கரை: ராமநாதபுரம் நாட்குறிப்பு

வியாழன்

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாள் இருக்கிறது. கும்பகோணத்து வீட்டில் மின்விசிறிக்கு அடியில் கிடப்பதற்குச் சாயல்குடிப் பக்கம் போய் மணலில் கிடக்கலாம் என்று கிளம்பிவிட்டேன். சித்தி வருடக்கணக்கில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்ட் கடையில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களில், அட்டையில் மண்டையோடு போட்டதையெல்லாம் உருவிக்கொண்டேன். பையில் ஏற்கெனவே கலிங்கத்துப்பரணி இருந்தது. தமிழ் வாத்தியார் லீவுக்கும் பரணியைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று சிரிக்க வேண்டாம். அதில் போர் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் பேய்க்கதை. பேய்க்கதை படிக்க ஊட்டி பங்களாவும் அடைமழையும் வேண்டும் என்று யாரோ நம் தலையில் எழுதி வைத்திருக்கிறார்கள். மழையே பெய்யாத ஊரில், கதவே சாத்தாத வீட்டில் படித்தால் எப்படியிருக்கும் என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். கூடவே கோயில் கொடைக் காலம், அதாவது திருவிழாக் காலம், ஊர் ஊருக்கு மேளம் இருக்கும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார்.

கீழக்கரை, ஏர்வாடி தாண்டினால் இரண்டு பக்கமும் சீமைக்கருவேல். அப்புறம் பனை. அதற்கப்புறம் பனை மட்டும்தான். மண் நிறம் மாறிச் செம்மணல் வருகிறது. தூத்துக்குடிப் பக்கம் தேரி என்பார்களே, அதன் வால் இந்தப் பக்கமும் நீள்கிறது. காற்று கொண்டுவந்து கொட்டிய மணல், ஒவ்வொரு மணியின் மேலும் இரும்புத் துரு பூசியதால் சிவப்பு. ராஜஸ்தான் பாலைவனம் இல்லைதான், இருந்தாலும் அரசு ஊழியர்களை மிரட்ட மேலதிகாரிகள் சொல்லும் ‘தண்ணியில்லாக் காடு’ இதுதான். சித்தி தெருவில் பெண்கள் நாலைந்து குடம் ஏற்றிய தள்ளுவண்டியை மணலில் இழுத்துக்கொண்டு போனார்கள். சக்கரம் பாதி புதைந்து போகிறது.

“குளிக்கிறதுக்கு ஒரு வாளி, அதுக்கு மேல கேக்கக் கூடாது” என்றார் சித்தி. காவிரிக்கரைக்காரனுக்கு முதல் வரவேற்பு.

வெள்ளி

விடிவதற்கு முன்னால் முழிப்பு வந்துவிட்டது. முற்றத்து மணலில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று ஆரம்பித்துவிட்ட மாதம், ராத்திரி முழுக்கப் பனையின் காவோலைகள் ஒன்றோடொன்று உரசிக் கரகரவென்று ஒரு சத்தம். அது பழகிப்போய்த் தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில்தான் பாட்டு கேட்டது. பழைய சினிமாப் பாட்டு. தெருவிலிருந்து இல்லை, பக்கத்து வீட்டிலிருந்தும் இல்லை. மேலே இருந்து. ஆகாயத்தில் நாற்பது ஐம்பது அடி உயரத்தில் ஒருவர் காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். சரணம் முடிவதற்குள் சத்தம் கீழே இறங்கியது, கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி மேலே ஏறியது.

சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன் என்பதை மறைப்பதில் பயனில்லை. சித்தப்பா திண்ணையிலிருந்து, “பனையேறிப்பா. இடுப்புல செல்லக் கட்டிக்கிட்டு ஏறுறான்” என்றார். மரத்துக்கு மரம் அவர் ஏறி இறங்க, பாட்டும் ஏறி இறங்குகிறது. வெளிச்சம் வந்த பிறகு போய்ப் பார்த்தேன். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவி, பாளை நுனியை இலை கனத்துக்குச் சீவிவிட்டு, அடுத்த மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். பனையில் பேய் இருக்கும் என்கிறார்களே என்று கேட்டேன். “இருந்தா இறங்கச் சொல்லுங்க சார், ஏறுறதுக்கு ஆளு கிடைக்கல” என்றார். பதனீர் சீசன் முடியப் போகிறது. பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு வந்தேன்.

மதியம் அதே பனங்காட்டில் பரணியை விரித்தேன். செயங்கொண்டார் முதலாம் குலோத்துங்கன் காலத்துக்காரர், பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாடியது. போருக்குப் போவதற்கு முன்னால் காளி குடியிருக்கும் பாலைவனத்தைப் பாடுகிறார், அதற்கப்புறம் கோயிலை, அதற்கப்புறம் பேய்களை. வகுப்பில் இந்தப் பகுதியை எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன், உயர்வு நவிற்சி என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். அந்தக் காட்டில் நிற்கிற நிழல் எங்குமே கிடையாதாம், பறக்கிற பருந்தின் நிழல் தரையில் ஓடுகிறதே, அது வெயிலுக்குப் பயந்து காட்டைவிட்டு ஓடுகிற நிழலாம். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது பனை நிழலில்தான் உட்கார்ந்திருந்தேன். பனை நிழல் ஒரு முழ அகலம். அது நகர நகர நானும் நகர்ந்துகொண்டே இருந்தேன். மேலே உண்மையிலேயே ஒரு பருந்து வட்டமடித்தது. அதன் நிழல் என் புத்தகத்தின் மேல் ஓடி மணலுக்குப் போய்விட்டது.

அப்புறம் பேய்கள். இவை மாத நாவல் பேய்கள் இல்லை. பழி வாங்க வரவில்லை, வெள்ளைப் புடவை கட்டவில்லை. பசி. அவ்வளவுதான் அவற்றின் குறை. வயிறு ஒட்டி, நாளுக்கு நாள் மெலிந்து, கரிய பனங்காடு முழுக்கக் கையும் காலும் முளைத்து நிற்கிற தோற்றம் என்கிறார் புலவர். தலையைத் தூக்கிச் சுற்றிலும் ஒருதடவை பார்த்தேன். மதியம் ஒரு மணி, ஆள் நடமாட்டம் இல்லை. பயம் என்று சொல்ல முடியாது, ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சனி

காற்று. சோற்றில் மணல், தலையணை உறையில் மணல், பரணியின் நடுப்பக்கத்தில் மணல். மாத நாவல் ஒன்றை முடித்தேன். மலைப்பங்களா, மின்னல், தானாகத் திறக்கும் ஜன்னல். இங்கே ஜன்னலுக்குக் கதவே இல்லை, கம்பிதான். பேய் எதைத் திறக்கும்?

ராத்திரி கரண்ட் போனபோது அரிக்கேன் விளக்கில் காஞ்சனையை மறுபடி படித்தேன். புதுமைப்பித்தன் அதை எழுதியது 1943-இல். அது மட்டும் எந்த ஊரிலும் வேலை செய்கிறது. அதில் பேய் வாசனையாக வருகிறது, அதற்குக் கதவு ஜன்னல் தேவையில்லை.

ஞாயிறு

ஏர்வாடி தர்கா. சுல்தான் சையது இபுராகிம் ஷஹீது அடக்கமான இடம். சாதி மதம் பார்க்காமல் கூட்டம் வருகிறது. பேய் பிடித்தவர்களைக் கொண்டுவருவார்கள் என்பதால், பேய்க்கதைப் பயணத்தில் இதைச் சேர்க்கச் சொன்னார் ஒரு நண்பர். அதற்காகப் போகவில்லை, பாவாக்களின், அதாவது பாடித் திரியும் பக்கீர்களின், பாட்டைக் கேட்கத்தான் போனேன்.

வேப்பமர நிழலில் ஒரு வயதான பாவா உட்கார்ந்து தாயிரா வாசித்தார். அகன்ற வளையம், ஒரு பக்கம் மட்டும் தோல். இடது கை வளையத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருக்கிறது. அந்தக் கையின் விரல் நுனிகளே ஓரத்தில் பொடிப்பொடியாகத் தட்டுகின்றன. வலது உள்ளங்கை நடுவில் எப்போதோ ஒருமுறைதான் விழுகிறது. விழும்போது ‘தொம்’. பாட்டு முனாஜாத்து வகை, இறைவனிடம் இறைஞ்சுவது. தமிழும் அரபுச் சொல்லும் கலந்து வந்தன. அடி முடியும் இடத்தில் எல்லாம் குரலைக் கீழே இறக்காமல் மேலேயே நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியைத் தாயிரா நிரப்பியது. பக்கத்தில் ஓர் அம்மா தன் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் யாரோடும் பேசவில்லை, பாட்டு நடக்கும்வரை அசையவுமில்லை.

இந்த ஊரில் பேய்க்கதைப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். நோயை நோய் என்று சொல்லாமல் வேறு பேர் சொன்னதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. பேய் என்பது பக்கத்துக்குள் இருக்கும்வரை எனக்கு அதில் ருசி உண்டு. ஒரு பெண்ணின் மேல் ஏற்றிச் சொன்னால் அந்த இடத்தில் கதை முடிந்தது, வைத்தியர் வரவேண்டும். பாட்டு வேறு விஷயம். பாட்டைக் கேட்டு அந்தப் பெண் கொஞ்சம் அமைதியானால் அதை நான் ஏன் தடுக்கப் போகிறேன்.

செவ்வாய்

தனுஷ்கோடிக்கு வந்தாயிற்று. ராமேஸ்வரத்தில் ரூம். அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு 2017-இல் திறந்ததிலிருந்து காரும் வேனும் வரிசை கட்டுகின்றன. அதற்கு முன்னால் மணலில் புதைந்து புதைந்து வேன் பிடித்துப் போகவேண்டும் என்று சித்தப்பா பெருமையாகச் சொல்வார்.

ரோட்டின் இரண்டு பக்கமும் கடல். வடக்கே அசையாமல் கிடப்பது பெண்கடல், தெற்கே அடித்து வீசுவது ஆண்கடல். நடுவில் இருக்கும் மணல் திட்டுதான் ஊர், அதாவது ஊர் இருந்த இடம். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் எல்லாம் போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் அலையில் அப்படியே போயிற்று, அதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். மனிதர் குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. சர்ச்சின் சுவர் நிற்கிறது, உள்ளூர்ப் பவளப்பாறையை வெட்டிக் கட்டியது என்பதைக் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தால் தெரியும். கல்லில் பூக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய அளவில் நட்சத்திரம் நட்சத்திரமாக ஓட்டை. செத்துப்போன உயிர்களாலேயே கட்டிய சுவர்.

‘பேய் நகரம்’ என்று போர்டு இல்லாத குறைதான். கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டு ஒரு பையன், ராத்திரியில் ரயில் சத்தம் கேட்குமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். சாயங்காலமானால் போலீஸ் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுகிறது, அவன் எந்த ராத்திரியில் கேட்டானோ. இந்த மணலில் பேய்க்கதை சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. செத்தவர்களின் பிள்ளைகள் இன்னும் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு இங்கேதான் மீன் பிடிக்கிறார்கள், சங்கு மாலை விற்கிறார்கள்.

அவர்களிடம் இருப்பது வேறு. மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகளுக்கு ஜூன் 14 வரைக்கும் தடை. கரைவலைக்குத் தடையில்லை. ஆண்கடல் பக்கம் இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் ஒரு துணிப்பட்டை, அதைக் கயிற்றில் கோத்துக்கொண்டு பின்னால் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார்கள். கடைசி ஆள் மேட்டுக்கு வந்ததும் அவிழ்த்துக்கொண்டு ஓடி முன்னால் போய் மறுபடி கோத்துக்கொள்கிறார். பாட்டு இல்லாமல் இது நடக்காது. முன்னால் நிற்கிற பெரியவர் ஓர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ போடும் நேரத்தில்தான் கால் பின்னால் வருகிறது. அம்பா என்று படித்த பாட்டு இதுதான். நான் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன். திடீரென்று அடி மாறியது.

“கண்ணாடி போட்ட மாமா!”
“ஏலேலோ!”
“கையக் கட்டி நிக்கிறாரு!”
“ஏலேலோ!”
“கவுற வந்து புடிச்சாத்தான்!”
“ஏலேலோ!”
“காரப்பொடி கொழம்பு தாரேன்!”

காரப்பொடி என்றால் காரல் மீன். அந்தக் குழம்புக்காக இல்லை, மானத்துக்காகப் போய்ப் பிடித்தேன். கயிறு ஈரத்தில் உப்பு ஊறி உள்ளங்கையை அறுத்தது. ‘ஏலேலோ’வில் ‘லோ’ வரும்போது இழுக்கவேண்டும், நான் ‘ஏ’யிலேயே இழுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்தவர், “சார், பாட்டக் கேளுங்க, கைய நெனைக்காதீங்க” என்றார். அதற்கப்புறம் சரியாகிவிட்டது. வலையின் மடி கரையேறியபோது காரலும் சூடையும் ஒரு கூடை தேறியிருக்கும், பாதி பாசி. இத்தனை பேருக்கு இது எப்படிக் கட்டும் என்று கேட்க வாய் வரவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் தண்ணீர் கேட்டேன். ஒரு பாட்டி குடிசைக்குப் பின்னால் கூட்டிப்போனார். கடலிலிருந்து கல்லெறி தூரம்கூட இல்லை. மணலில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி, அடியில் தெளிந்த தண்ணீர். தேங்காய்ச் சிரட்டையால் மேலாக வழித்துக் குடத்தில் ஊற்றினார். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே லேசாக மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். “மெதுவா மோக்கணும், அவசரப்பட்டா கலங்கிரும்” என்றார். குடித்துப் பார்த்தேன். கும்பகோணத்துக் குழாய்த் தண்ணீரைவிட நன்றாக இருந்தது.

புதன்

பாம்பன். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் பக்கத்தில் சும்மா நிற்க, 2025-இல் திறந்த புதுப் பாலத்தில் ரயில் போகிறது. நடுத் துண்டு மட்டும் லிஃப்டில் மேலே போய்க் கப்பலுக்கு வழிவிடும். நான் நின்ற நேரத்தில் எந்தக் கப்பலும் வரவில்லை.

டீக்கடையில் கடல் ஓசை 90.4 ஓடிக்கொண்டிருந்தது. மீனவர்களுக்காகவே பாம்பனிலிருந்து 2016 முதல் நடக்கும் சமுதாய வானொலி. காற்று எந்தப் பக்கம், அலை எத்தனை அடி என்று சொல்லிவிட்டு அடுத்து ஒரு பாட்டுப் போடுகிறார்கள். அலை உயரத்தைச் சொல்லும்போது கடையில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். பாட்டு வந்ததும் மறுபடி பேச்சு.

வெள்ளி

மறுபடி சித்தி வீடு. இன்று ஊரில் கோயில் பொங்கல், ராத்திரி நாடகம். காலையிலிருந்தே ஸ்பீக்கர்.

மாவிளக்குக்காகச் சித்தியும் பக்கத்து வீட்டு அக்காவும் ஊற வைத்த பச்சரிசியை உரலில் போட்டு இடித்தார்கள். இரண்டு உலக்கை, ஓர் உரல். ஒருவர் ஓங்கும்போது ஒருவர் குத்தவேண்டும், தப்பினால் உலக்கை மோதும். ‘ஸ்ஸ்’ என்று மூச்சை விட்டு விட்டுத்தான் கணக்கு வைக்கிறார்கள். பரணியில் நான் வந்து நின்ற இடமும் அதுவேதான். போர் முடிந்துவிட்டது, காளி பேய்களைக் கூழ் காய்ச்சச் சொல்லிவிட்டாள். செத்த வீரர்களின் பல்தான் அரிசி, போர்முரசுதான் உரல், யானைத் தந்தம் உலக்கை. குத்துகிற பேய்கள் சும்மா குத்தவில்லை, குலோத்துங்கனைப் புகழ்ந்து வள்ளைப்பாட்டுப் பாடிக்கொண்டு குத்துகின்றன.

சித்திக்கு இதைச் சொன்னேன். “பல்ல இடிக்குதா? கருமம்” என்று சொல்லிவிட்டு, “பாட்டப் படி பாப்போம்” என்றார். படித்தேன். நான் வகுப்பில் படிக்கிற மாதிரி, சீர் பிரித்து, அசை தட்டாமல். சித்தி இரண்டாவது பாட்டிலேயே தலையை ஆட்டி, “இது இப்படி வராது” என்று உலக்கை விழும் இடத்துக்குச் சொல்லைக் கொண்டுவந்து வைத்தார். அர்த்தம் பாதி தெரியாது, ராசா பேர் தெரியாது. ஆனால் அடிக்கு நாலு குத்து, நாலாவது குத்தில் சொல் நீண்டு நிற்கிறது. அக்கா கடைசிச் சொல்லை வாங்கித் திருப்பிப் பாடினார். அவர்கள் முளைப்பாரிக்குக் கும்மி கொட்டுகிற மெட்டு அது. தொள்ளாயிரம் வருஷத்துப் பேய்ப்பாட்டு அந்த மெட்டில் உட்கார்ந்துகொண்டது. அடுத்து, அடுத்து என்று மாவு சலிக்கும்வரைக்கும் படிக்கவைத்தார்கள். இத்தனை வருடம் பாடம் நடத்தியதில் அந்தப் பகுதிக்கு ஓர் உலக்கை தேவை என்று எனக்குத் தோன்றியதில்லை.

கூழ் ஊற்றும் இடத்தைச் சொன்னபோது இரண்டு பேரும் உட்கார்ந்து சிரித்தார்கள். குருட்டுப் பேய், ஊமைப் பேய், கர்ப்பிணிப் பேய், வெளியூரிலிருந்து விருந்துக்கு வந்த பேய் என்று ஒவ்வொன்றுக்கும் பார்த்துப் பார்த்து ஊற்றச் சொல்லிக் கவிஞர் வரிசைப்படுத்துகிறார். ஆடி மாதக் கஞ்சி வரிசை தோற்றது. “நம்ம ஊர்ல வெளியூர்க்காரனுக்குக் கடைசிலதான் ஊத்துவாங்க” என்றார் அக்கா.

சாயங்காலம் நையாண்டி மேளம் வந்தது. நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி. எனக்கு உறுமிக்காரரைத் தவிர யாரும் கண்ணில் படவில்லை. வலது தோலை நேர்க்குச்சியால் அடிக்கிறார். இடது தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கிறார், தேய்க்கத் தேய்க்கத் தோல் உறுமுகிறது. அழுத்தம் கூடினால் சத்தம் மேலே போகிறது, தளர்த்தினால் அடிவயிற்றுக்கு இறங்குகிறது. கண்ணை மூடினால் மிருகம் ஒன்று கிட்டத்தில் மூச்சு விடுகிறது என்றுதான் சொல்வேன். பாலை நிலத்துக்குரிய பறை துடி என்று இலக்கணம் எழுதியவர்கள் இதைக் கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். கோயில் வாசலில் மேளம் ஒரே தாளத்தில் ஏறிக்கொண்டே போக, பூசாரியின் தோள் முதலில் ஆடியது, அப்புறம் முழு உடம்பும். உறுமிக்காரர் அவர் முகத்தையே பார்த்துத் தேய்த்தார். ஆட்டம் தளர்ந்தபோது இவரும் தளர்த்தினார். யார் யாரை ஆட்டுவிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நாடகம் பத்தரைக்கு ஆரம்பித்தது. இந்தக் கரையில் கொடை என்றால் வள்ளி திருமணம்தான் வழக்கம், இந்த ஊர் அரிச்சந்திர மயான காண்டத்தைப் பிடிவாதமாக வைத்திருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போட்டுக் கொடுத்த பாதையில் நடக்கும் இசை நாடகம். மேடையில் ஓர் ஓரமாக ஆர்மோனியம், மிருதங்கம், பல தாள வாத்தியங்களை ஒருவரே வாசிக்கும் ஆல்ரவுண்ட். முதலில் பபூனும் டான்ஸும். அந்த இரட்டை அர்த்தத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம், சித்தி இதைவிட மோசமாகப் பேசுவார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணிக்குள் சின்னப் பிள்ளைகள் எல்லாம் மணலில் பாய்மேல் சுருண்டுவிட்டார்கள்.

அரிச்சந்திரன் வேஷம் கட்டிய ராஜபார்ட் வந்து விருத்தம் எடுத்தபோது ஆர்மோனியக்காரர் ஒரு கட்டை ஏற்றினார். கச்சான் காற்று மைக்கில் புகுந்து ஊதியது, அவர் அதற்கும் மேலே பாடினார். மயானத்துக்கு வந்தபோது மணி இரண்டரை. மேடை விளக்கை அணைத்து ஒரு சிவப்பு பல்ப் மட்டும் விட்டார்கள். சந்திரமதி மேடைக்குப் பின்னாலிருந்து வரவில்லை. எங்களுக்குப் பின்னால், பனங்காட்டு இருட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. பாம்பு தீண்டிய லோகிதாசனைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, தலைவிரி கோலமாக, பாய்களுக்கு நடுவே மிதித்துவிடாமல் வழி பார்த்து நடந்து வந்தார் ஸ்திரீபார்ட். கையில் மைக் இல்லை. ஆர்மோனியம் மட்டும் தூரத்தில் மேடையிலிருந்து அந்தக் குரலுக்குச் சுருதி கொடுத்துக்கொண்டிருந்தது. தூங்கி எழுந்த குழந்தை ஒன்று அவரைப் பார்த்து வீரிட்டது. எனக்கும் முதுகில் ஏதோ ஓடியது. பஸ் ஸ்டாண்டில் வாங்கிய அத்தனை மண்டையோட்டு அட்டைகளையும் அடுக்கினாலும் இந்த இருபது அடி நடைக்கு ஈடாகாது.

பிணம் எரிக்கக் கூலி கேட்கிறான் அரிச்சந்திரன். கால்பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி. பெற்ற பிள்ளை என்று தெரியாமல் கேட்கிறான். அவள் இல்லை என்று பாட, இவன் கொடு என்று பாட, பாட்டுக்குப் பாட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி மெல்ல ஒப்பாரி தொடங்கினார். சந்திரமதிக்காக இல்லை, யாரையோ ‘ராசா’ என்று கூப்பிட்டு அவருடைய சொந்தத் துக்கம். ஆர்மோனியத்திலிருந்து சுருதி இம்மியும் விலகவில்லை. இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். யாரும் அவர்களைச் சும்மா இருக்கச் சொல்லவில்லை, அதற்குத்தான் இந்த ஊர் இந்த நாடகத்தை வைக்கிறது என்று அப்போது புரிந்தது.

காரைக்கால் அம்மையார் ஞாபகம் வந்தது. தேவார மூவருக்கும் முந்தியவர், ஆலங்காட்டுச் சுடலையில் உட்கார்ந்து பேய்களைப் பாடியவர். அவருடைய சுடலையில் துத்தம், கைக்கிளை, விளரி என்று சுரம் பிரித்துப் பாட்டு நடக்கிறது. கொக்கரை, தக்கை, மத்தளம், தமருகம், குடமுழா, மொந்தை என்று ஒரு பெரிய மேளமே அங்கே ஒலிக்கிறது. அந்த மூத்த திருப்பதிகங்களுக்கு நட்டபாடை, இந்தளம் என்று பண்ணும் உண்டு. சத்தமில்லாத சுடுகாட்டைத் தமிழில் யாரும் பாடியதாக எனக்குத் தெரியவில்லை.

சனி

நாடகம் முடிய ஐந்தரை. ஆர்மோனியக்காரர் டீ குடித்துக்கொண்டே பெட்டியின் துருத்திக்குள் புகுந்த மணலைப் பிரஷ்ஷால் தட்டினார். ராத்திரி முதுகுளத்தூர்ப் பக்கம் வள்ளி திருமணமாம். “இந்தக் கரையில நாலு சீசனுக்கு மேல எந்தப் பெட்டியும் தாங்காது சார், உப்புக் காத்து கட்டையத் தின்னுரும்” என்றார். மயான காண்டம் வாசித்தால் பயம் இருக்காதா என்று கேட்டேன். சம்பளம் வாங்குகிற வரைக்கும் இருக்கும் என்றார்.

தூங்கி எழுந்தபோது சாயங்காலம். நாளைக்குக் கிளம்புகிறேன். பையிலிருந்த மாத நாவல்களைச் சித்தப்பாவுக்கு விட்டுவிட்டேன், வாலிநோக்கம் உப்பளத்தில் ராத்திரி ஷெட்டில் படிக்க ஆகும் என்றார். பரணியைச் சித்தி எடுத்து வைத்துக்கொண்டார். திருப்பிக் கேட்டேன். “இடிக்கிற பாட்டு இருக்கிற பக்கத்த மடிச்சுக் குடுத்துட்டுப் போ” என்றார். அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள், அவளை வைத்து மிச்சத்தைப் படித்துக்கொள்வார்களாம்.

“ஆடியில முளைப்பாரிக்கு இதைப் பாடுங்க சித்தி, நான் வந்து கேக்குறேன்.”

“முளைப்பாரியில பேய்ப்பாட்டா? மாரியாத்தா கோவிச்சுக்குவா.”

“காளிக்குப் பாடினதுதான?”

“காளி வேற, மாரி வேற. ஒனக்குத் தெரியாது.” கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. “அந்த ராசா பேர எடுத்துட்டு நம்ம அம்மன் பேரப் போட்டா அடி இடிக்குமாப்பா?”

இடிக்காது. மாத்திரை எண்ணிப் பார்த்துவிட்டேன், சரியாக வருகிறது.